டீன் ஏஜ் ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கறது) பிள்ளைங்க: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

நிறைய கேள்வி வந்துருச்சு, ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேத்துட்டேன். நான் ஸ்பெஷல் எஜுகேட்டர், டாக்டர் இல்ல, அதனால மாத்திரை டோஸ் மட்டும் என்கிட்ட கேக்காதீங்க ப்ளீஸ்.

ஈரோடு அம்மா: பொண்ணுக்கு 10 வயசு முடியப்போகுது மேடம், ஆட்டிசம், பேச்சு ரொம்ப கம்மி. சுடிதார்ல டேக் உரசினாலே கழட்டி எறிஞ்சிடுவா, பேடு எப்படி வச்சுக்குவா? கர்ப்பப்பைய எடுத்துடுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

பதில்: பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே கேட்டீங்க பாருங்க, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. இன்னைக்கே ஆரம்பிங்க. நாலஞ்சு விதமான பேடு வாங்கி கையில கொடுத்து தொட்டுப் பாக்க விடுங்க, எது உறுத்தலயோ அதை வீட்ல பத்து நிமிஷம் வைக்கச் சொல்லுங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தை கூட்டுங்க. ஜட்டியில பேடு எங்க ஒட்டணுமோ அங்க மார்க்கர்ல சுத்தி கோடு போட்டுடுங்க, கோட்டுக்குள்ள ஒட்டணும், அவ்ளோதான், வாயால விளக்கவே வேண்டாம். பீட்ரூட் சாறு ரெண்டு சொட்டு விட்டு, இப்படி ஆனா மாத்தணும், பேப்பர்ல சுருட்டி இந்த கூடையில போடணும்னு காட்டுங்க. சிவப்பைப் பாத்து பயந்துக்கற பிள்ளைங்களுக்கு இது ரொம்ப உதவும். நனைஞ்சதை உணர்ந்து மாத்துவான்னு எதிர்பாக்காதீங்க, இன்டர்வெல் பெல் அடிச்சா மாத்தணும்னு பழக்குங்க.

ஆபரேஷன் பேச்சை அங்கயே நிறுத்துங்க. நல்லா இருக்கற உறுப்பை நமக்கு சிரமம்னு எடுக்கறதா? அதை எடுத்துட்டா அவளை யாரும் தப்பா தொட மாட்டாங்கன்னும் கிடையாது. ரத்தப்போக்கு அதிகம், வலின்னா கைனகாலஜிஸ்ட்கிட்ட வேற வழி இருக்கு. அப்புறம் ஒண்ணு, வயசுக்கு வந்ததும் மண்டபம் புடிச்சு சீர் செய்யணும்னு தாய்மாமன் குதிப்பாரு, மைக் செட்டும் கூட்டமும் அவளுக்கு தாங்குமான்னு மொதல்ல யோசிங்க.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு 14, யார் இருந்தாலும் பேண்ட்டுக்குள்ள கை விடறான். அடிச்சும் பாத்தாச்சு.

பதில்: அடிக்காதீங்கம்மா, அடிச்சா ஒளிஞ்சு செய்வான், இல்லன்னா உங்க ரியாக்ஷனைப் பாக்கறதுக்காகவே செய்வான். மொதல்ல அரிப்பு, வேர்க்குரு, படர்தாமரை, இறுக்கமான ஜட்டி எதாவது இருக்கான்னு பாருங்க. அதெல்லாம் இல்லன்னா இது வயசு, எல்லா பசங்களுக்கும் உள்ளதுதான், அவனுக்கு இடம் தெரியல. "செய்யாதே"ன்னு சொல்றதுக்கு பதிலா எங்கன்னு சொல்லுங்க: உன் ரூம், கதவு சாத்தி, தனியா. தனி ரூம் இல்லன்னா "நம்ம வீட்டு பாத்ரூம்"னு அந்த "நம்ம வீட்டு" சேத்தே சொல்லுங்க, வெறும் பாத்ரூம்னு கத்துக்கிட்டா ஸ்கூல் பாத்ரூம்லயும் சரின்னு எடுத்துக்குவான். பாட்டி வரைக்கும் எல்லாரும் ஒரே வார்த்தைய சொல்லணும்.

இதோடயே, அஞ்சு வயசுல ஓடிப்போய் கட்டிப்புடிச்சா பக்கத்து வீட்டு அக்கா கொஞ்சினாங்க, 14ல அதையே செஞ்சா கம்ப்ளைண்ட் ஆயிடும், வெளியாளுக்கு வணக்கம் மட்டும்னு மாத்துங்க. அவன் தொடாதேன்னு கையைத் தள்ளினா நீங்களும் நிறுத்துங்க. நாம மதிக்காத "வேண்டாம்"ஐ அவன் வெளிய எப்படி சொல்லுவான்?

ஓசூர் அப்பா: 15 வயசு, பேச்சு இல்ல. ரெண்டு வாரமா தலையை சுவத்துல இடிக்கறான், என்னை விட உயரம், புடிக்க முடியல. டாக்டர் ரிஸ்பெரிடோன் எழுதிருக்காரு, கொடுக்கலாமா?

பதில்: திடீர்னு வந்த மாற்றம்னா மொதல்ல உடம்பைப் பாருங்க சார். பல்லு, காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தூக்கம். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத பிள்ளை இடிச்சுதான் காட்டும். ஆட்டிசம் இருக்கறவங்கள்ல சிலருக்கு ஃபிட்ஸ் டீன் ஏஜ்லதான் மொதல் தடவை வரும், அதனால வெறிச்சுப் பாக்கறது, கூப்பிட்டா சில செகண்ட் காதுலயே விழாத மாதிரி நிக்கறது இருந்தா போன்ல வீடியோ எடுத்து நியூராலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க. டாக்டர் எழுதின ரிஸ்பெரிடோன் ஆட்டிசத்துக்கு இல்ல, அதோட வர்ற கடும் எரிச்சலுக்கு, அமெரிக்காவுல 2006லயே இதுக்கு அனுமதி கொடுத்தாச்சு. பசி எகிறும், எடை ஏறும், அதனால எடையும் சுகரும் பாத்துக்கிட்டே இருக்கணும், நீங்களா திடீர்னு நிறுத்தவும் கூடாது. கொடுக்கலாமாங்கறதை பல் டாக்டரையும் பாத்துட்டு உங்க டாக்டர்கிட்டயே திரும்பக் கேளுங்க. இடிக்கற நேரத்துல ஆளாளுக்கு அட்வைஸ் பண்ணாம, ஒருத்தர் மட்டும் இருந்து, சுவத்துக்கும் தலைக்கும் நடுவுல தலகாணி வச்சு, லைட்டைக் குறைச்சு, வாயை மூடிக்கிட்டு இருங்க.

சென்னை: ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை (உடம்பு செல்லை எடுத்து ஊசியா ஏத்தறது) பண்ணலாமா? லட்சக்கணக்குல கேக்கறாங்க.

பதில்: வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையத்தோட கமிட்டியே 2022ல ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்கலன்னு சொல்லிடுச்சு. அந்தக் காசுல ஸ்பீச் தெரபியும், ஆவாஸ் மாதிரி படத்தைத் தொட்டுப் பேசற ஆப்பும் (சென்னையில உருவானது, தமிழ்லயும் இருக்கு) பாருங்க. ஆப் வந்தா பேச மாட்டான்ங்கறது சும்மா பயம்.

திருச்சி: பையனுக்கு அடுத்த வருஷம் 18. கார்டியன்ஷிப் (18க்கு அப்புறமும் அவனுக்காக முடிவெடுக்கற சட்டப் பொறுப்பு) வாங்கியே ஆகணுமா அக்கா?

பதில்: எல்லாருக்கும் தேவையில்ல. தானா முடிவெடுக்கற பிள்ளைக்கு அதை வாங்கி கையைக் கட்டாதீங்க. தேவைன்னா 1999 நேஷனல் ட்ரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையில லோக்கல் லெவல் கமிட்டி இருக்கு, அங்க அப்ளை பண்ணணும். ஆட்டிசம், செரிப்ரல் பால்ஸி (மூளை வாதம்), அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை குறைபாடு இந்த நாலுக்குத்தான் அந்த சட்டம், ஏடிஹெச்டி மட்டும்னா வராது. கார்டியன் ஆறதோ இல்லயோ, யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) எடுத்துடுங்க.

17 வயசு தம்பி, கோயம்புத்தூர்: எனக்கே ஆட்டிசம் அக்கா, போன வருஷம்தான் தெரிஞ்சுது. காலேஜ்ல சொல்லணுமா?

பதில்: நீயே கேட்டது ரொம்ப சந்தோஷம் தம்பி. யார்கிட்ட சொல்றதுங்கறது உன் முடிவு, அம்மா அப்பா முடிவு கூட இல்ல. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேரை சொல்லாம தேவையை மட்டும் சொல்லலாம்: "கேண்டீன் சத்தத்துல நீ பேசறது எனக்கு புரியாது, வெளிய வந்து பேசு." காலேஜ் ஆபீஸ்ல சொல்றதுல லாபம் இருக்கு, 40 சதவீதம் குறைபாடுன்னு சர்ட்டிஃபிகேட் இருந்தா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் காலேஜ்ல 5 சதவீத சீட் ஒதுக்கீடு இருக்கு, பரீட்சைல எக்ஸ்ட்ரா டைமும் கேக்கலாம். காலேஜ் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் கிளாஸ், பாத்ரூம், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலை மூணையும் பாத்து வச்சுக்கோ. ஹாஸ்டலா, வீட்லேருந்து போறியான்னு எழுது, அதுக்கு தனியா சொல்றேன்.