கணுக்காலைக் காட்டி வாங்குங்கள்

கேள்வி: ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருடமாக நின்றே வேலை. இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, சாயங்காலம் ஆனால் வீங்கிவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே போடும் அழுத்தக் காலுறை, ‘கிளாஸ் 2’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கடையில் என் உடம்பைப் பார்த்தே ‘எல்’ சைஸ் எடுத்துக் கொடுத்தார்கள். அது வழிந்து இறங்குகிறது. மேலே மடித்துவிட்டால் நிற்கிறது, ஆனால் தடம் விழுந்து வலிக்கிறது. விட்டுவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த ஜோடியை விட்டுவிடுங்கள், காலுறையை விட்டுவிடாதீர்கள். இது கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்த வேண்டிய பொருள். உங்களுக்குத் தலைகீழாக நடக்கிறது. கணுக்காலில் தொளதொள, மடித்த இடத்தில் கயிறு கட்டியதுபோல இரட்டை அழுத்தம். (சுருண்டிருப்பது நரம்பும் இல்லை, சிரை, அதாவது இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாய். வார்டில் முப்பது வருடம் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.)

கனத்த உடம்புக்காரர்களில் எத்தனையோ பேருக்குக் கணுக்கால் குச்சியாக இருக்கும். அதனால் டேப் இல்லாமல் சைஸ் சொல்கிறவரை நம்பாதீர்கள். காலையில் எழுந்ததும், வீக்கம் வருவதற்குள், வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்தால் அளவு மாறும். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே மிகவும் ஒல்லியான இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் பருத்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உயரம். தையல் டேப்பில் சென்டிமீட்டர் பக்கம் பாருங்கள். டேப் இல்லையா, பூக்கட்டும் நூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பார்த்தாலும் போதும். டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து, பெட்டியிலுள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். கணுக்கால் ஒரு சைஸிலும் கெண்டைக்கால் வேறொன்றிலும் விழுந்தால், அளவுக்குத் தைத்துத் தருவதைக் கேளுங்கள். மேல் விளிம்பு பின்மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும்.

‘கிளாஸ் 2’ என்ற அழுத்த அளவிலும் ஒரு சிக்கல். ஜெர்மன் கணக்கில் அது 23 முதல் 32 மி.மீ. பாதரசம், அமெரிக்கக் கணக்கில் 30 முதல் 40. டாக்டரிடம் எண்ணாகவே எழுதி வாங்குங்கள். சர்க்கரை இருந்தாலோ, நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்றால் விட்டாலோ, பாதத்தில் நாடி பார்த்த பிறகுதான் போட வேண்டும். விரல்கள் நீலமானாலோ மரத்தாலோ உடனே கழற்றுங்கள்.

மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிட்டு, படுக்கையை விட்டு எழுந்த சூட்டிலேயே போடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டால் பிடிமானம் கிடைக்கும். அப்புறம், கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உங்கள் கடையில் ஸ்டூல் எங்கே இருக்கிறது?