லினக்ஸ் கேள்வி-பதில்: ஒரே ரெஜிஸ்டரில் அடுத்தடுத்து எழுதும்போது

கேள்வி: சீரியல் போர்ட்டை இயக்கும் 16550ஏ யுவார்ட் சிப்புக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். 64 பைட்டை ஐஓரைட்8_ரெப் (ஒரே முகவரியில் பைட் பைட்டாக எழுதும் கெர்னல் ஃபங்ஷன்) மூலம் மொத்தமாக அனுப்பினால், எதிர்முனைக்கு முதல் 16 பைட் அளவுதான் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. பிழைச்செய்தியும் வருவதில்லை. ஏன்?

பதில்: பிழைச்செய்தி வராது. அந்த ஃபங்ஷன் எந்த மதிப்பையும் திருப்பித் தருவதே இல்லை. சொன்ன எண்ணிக்கை தீரும்வரை ஒரே முகவரியில் எழுதிக்கொண்டே இருக்கும். சிப்பில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது டிரைவரின் பொறுப்பு.

இந்தச் சிப்பின் அனுப்பும் ஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை) 16 பைட்தான் கொள்ளும். 115200 பாட் வேகத்தில், ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து பைட்டுக்கு 10 பிட் என்றால், நொடிக்கு 11,520 பைட் போகும். அப்படியானால் 16 பைட் வெளியேற ஏறக்குறைய 1.4 மில்லிநொடி வேண்டும். சிபியு அதற்கு வெகு முன்பே 64 பைட்டையும் கொட்டி முடித்துவிடுகிறது.

எழுதும் முன் ஆஃப்செட் 5-இல் (சிப்பின் தொடக்க முகவரியிலிருந்து 5 தள்ளி) உள்ள லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படியுங்கள். அதில் பிட் 5 எழுந்திருந்தால் (1 ஆக இருந்தால்) ஃபிஃபோ முழுக்கக் காலி. அப்போது 16 பைட் வரை ஒரே மூச்சில் தள்ளலாம். அந்த பிட்டையே திரும்பத் திரும்பப் படித்து சிபியுவை வீணாக்க வேண்டாம். ஆஃப்செட் 1-இல், சிப் சிபியுவை அழைக்கும் சிக்னலான இன்டரப்டை இயக்கும் இன்டரப்ட் எனேபிள் ரெஜிஸ்டர் இருக்கிறது. அதில் பிட் 1-ஐ ஏற்றி, இன்டரப்ட் வரும்போதெல்லாம் அடுத்த 16-ஐ நிரப்புங்கள். அனுப்ப ஒன்றும் மிஞ்சாதபோது அந்த பிட்டை இறக்கிவிட வேண்டும். வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் ரெஜ்-ஷிஃப்ட் 2 என்றிருந்தால் ரெஜிஸ்டர்கள் 4 பைட் தள்ளித் தள்ளி இருக்கும்; ஆஃப்செட் 5 அங்கே 20 ஆகிவிடும்.

கேள்வி: வேறொரு சாதனத்தின் ஃபிஃபோ 32 பிட் அகலம். 10 பைட் பாக்கெட்டுக்கு ஐஓரைட்32_ரெப்பில் எண்ணிக்கை 10 என்று கொடுத்தேன். பின்னால் குப்பை சேர்ந்து போகிறது. மெம்காப்பி_டூஐஓ பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. மெம்காப்பி_டூஐஓ முகவரியை நகர்த்திக்கொண்டே போகும். ஃபிஃபோவுக்கு அடுத்துள்ள ரெஜிஸ்டர்களை அழித்துவிடும். அது சாதனத்தின் உள் நினைவகத்துக்கானது.

ரெப் ஃபங்ஷனின் எண்ணிக்கை பைட்டில் இல்லை, 32 பிட் சொற்களில். 10 என்றால் 40 பைட். பஃபரைத் தாண்டி 30 பைட் கெர்னல் நினைவகம் வெளியே போகிறது. குப்பை என்று இதை விட்டுவிடாதீர்கள், இது பாதுகாப்பு ஓட்டை.

எண்ணிக்கை 2 என்று கொடுத்து 8 பைட்டை அனுப்புங்கள். மிச்சம் 2 பைட்டை, பூஜ்யமாக்கிய ஒரு 32 பிட் மாறியில் மெம்காப்பி செய்து, அதே ஃபங்ஷனில் எண்ணிக்கை 1 என்று அனுப்புங்கள். அங்கே ஒற்றை 32 பிட் சொல்லை எழுதும் ரைட்எல் வேண்டாம். ரைட்எல் மதிப்பை லிட்டில்-எண்டியனாக (குறைந்த மதிப்புள்ள பைட் முதலில்) மாற்றி எழுதும். ரெப் வகை நினைவகத்தில் உள்ள வரிசையிலேயே அனுப்பும். வரிசை நேரெதிரான பிக்-எண்டியன் சிபியுவில் இரண்டையும் கலந்தால் வால் பைட்டுகள் இடம் மாறிவிடும். சாதனத்தில் நீள ரெஜிஸ்டர் இருந்தால் அதில் 10 என்றே எழுதுங்கள்.

கேள்வி: பிசிஐ கார்டில் ரீசெட் பிட்டை ஏற்றி, யுடிலே 10 (10 மைக்ரோநொடி காத்திருப்பு) கொடுத்து இறக்குகிறேன். சில கணினிகளில் ரீசெட் ஆவதில்லை.

பதில்: பிசிஐயில் ரைட்எல் முடிந்ததும் சிபியு நகர்ந்துவிடும், எழுதியது வழியிலுள்ள பிரிட்ஜில் தேங்கி நிற்கலாம். 10 மைக்ரோநொடியும் அங்கேயே கழிந்துவிடக்கூடும். பிட்டை ஏற்றியதும் அதே கார்டின் ஒரு ரெஜிஸ்டரை ரீட்எல்லால் படித்துவிட்டு, பிறகு யுடிலே கொடுங்கள். ஸ்டேட்டஸ் போன்றதைப் படியுங்கள், ஆனால் படித்தாலே அழிந்துவிடும் வகையா என்று டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிஃபோவின் டேட்டா ரெஜிஸ்டரைப் படித்தால் உள்ளே வந்த ஒரு சொல் போய்விடும்.