எதிர்வீட்டுக் கிண்ணம்

அன்புள்ள அக்கா,

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள், ஒரு மாதம் ஊரில் இருந்தேன். புங்க மரம் முழுக்கத் தளிர், வேம்பில் பூ, மாமரத்தில் பிஞ்சு, விடியற்காலையில் குயில். தேவன் எவ்வளவு நல்லவர் என்று யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. எதிர்வீட்டு நண்பனிடம் பேசினேன், ஒரு சுவிசேஷக் கைப்பிரதியும் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இப்ப சம்பளம் எவ்ளோடா?" என்று கேட்டான். உகாதியன்று அவன் அம்மா பச்சடி கொண்டுவந்தார்கள். சாமிக்குப் படைத்தது என்பதால் பக்குவமாக மறுத்துவிட்டேன். அதற்கப்புறம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாருக்குக் கிடைத்ததுபோல ஒரு தெளிவான அழைப்பு எனக்கும் வேண்டும் என்று ஜெபிக்கிறேன். விசுவாசத்தை மற்றவர்களோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது? நம் கிராமங்கள் மாறிவிட்டனவா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு வேண்டியதைப் பங்குனியில் ஓட்டோடு வாங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, பழத்தை ஒவ்வொன்றாகக் கீறிக் கொட்டையைத் தள்ள வேண்டும். இரண்டு கிலோ முடிவதற்குள் விரலெல்லாம் பிசுக்கு, நகக்கண் எரியும். புதுப் புளி வாசனை வந்தாலே எனக்கு ஒரு கிண்ணம் ஞாபகத்துக்கு வரும். இந்த வருடமும் வந்தது. அதே மத்தியானம் உங்கள் கடிதமும் வந்தது.

கிராமம் மாறிவிட்டதா என்கிறீர்கள். நீங்கள் பெங்களூருக்குப் போய் மாறலாம், ஊர் மட்டும் அப்படியே இருந்து உங்களுக்கு லீவு நாளில் காட்சி தர வேண்டுமா? அதை விடுங்கள். குயிலையும் விட்டுவிடுவோம். ஆனால் நீங்கள் பார்த்தது வசந்தம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். பஞ்சாங்கத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று போட்டிருக்கும். சித்திரை மத்தியானத்தில் வேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று இளவேனில் என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். நமக்குக் கிடைப்பது மாசிக் கடைசியும் பங்குனியும்தான்.

ஐடா ஸ்கடருக்கு வருகிறேன். வேலூரில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அந்த மூன்று தட்டல்களைக் கேட்டே வளர்ந்தோம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். பிரசவ வேதனையில் இருந்த மனைவியைக் காப்பாற்ற ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார்கள். ஐடா அப்போது டாக்டர் இல்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். பிரசங்கத்தில் இதைச் சொல்கிறவர்கள் தட்டலை உருக்கமாகச் சொல்வார்கள். தட்டியது யார் என்பதை நீங்கள் கவனித்தீர்களா? வந்து கேட்டவர்கள் ஊர்க்காரர்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள், அந்தப் பெண் காது கொடுத்துக் கேட்டார். அவ்வளவுதான் அழைப்பு. உங்கள் கதவையும் ஒருவர் உகாதியன்று தட்டினார். கையில் கிண்ணம் இருந்தது.

தம்பி, இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்லப் போகிறேன். அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? வேப்பம்பூ, மாங்காய், புதுப் புளி, வெல்லம், உப்பு, காரம். கடிதத்தில் மரம் மரமாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வேம்பும் மாவும்தான் கரைந்து வாசலுக்கு வந்தன. ஊர் வசந்தம் மொத்தத்தையும் ஒரு அம்மா தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, பகிர்வது எப்படி என்று எனக்கு எழுதுகிறீர்கள். 'பக்குவமாக' என்று ஒரு வார்த்தை வேறு!

எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. என் அப்பா காட்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாத்தியாராக இருந்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டி எங்கள் வீடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசும் ஒரு குடும்பம். நாங்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று ஊருக்கே தெரியும். முதல் வருட உகாதிக்கு எதிர்வீட்டம்மா பச்சடியைத் தன் சொம்பிலிருந்து எங்கள் கிண்ணத்தில் தூக்கி ஊற்றினார். பாத்திரமும் பாத்திரமும் படாது. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொண்டுபோகும் தட்டில் வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். எங்கள் அடுப்பில் வெந்தது ஆகாது. அம்மா ஒன்றும் பேசமாட்டார். ஆனால் ஒரு வருடம்கூடத் தட்டில் அச்சுமுறுக்கு வைக்காமல் விட்டதில்லை.

ஆறு வருடமோ ஏழு வருடமோ போயிற்று. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் அச்சுமுறுக்கு ஒன்றை எடுத்தார். அங்கேயே நின்று கடித்தார். "தேங்காப்பால் போட்டியா?" என்று கேட்டார். அம்மா வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். அடுத்த உகாதிக்குப் பச்சடி அவர்கள் வீட்டு எவர்சில்வர் கிண்ணத்திலேயே வந்தது. அம்மா அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரவில்லை. ஒரு பிடி அவல் போட்டுக் கொடுத்தார். அப்புறம் அந்தக் கிண்ணம் எந்த வீட்டுடையது என்பதே மறந்துபோகிற அளவுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

1976 இருக்கும், நான் ஆறாம் வகுப்பு. எங்கிருந்தோ வந்த ஒரு பிரசங்கியார் கூட்டத்தில், படைத்ததைத் தொடுகிறவர்களைப் பற்றிப் பயங்கரமாகப் பேசினார். அப்பா நல்ல மனுஷர், ஆனால் பயந்துவிட்டார். அந்த உகாதிக்கு வாசலில் நின்று "வேணாங்க" என்று சொல்லும் வேலை அம்மாவுக்கு விழுந்தது. எதிர்வீட்டம்மா கிண்ணத்தின்மேல் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அம்மா வழக்கம்போலத் தட்டு கொண்டுபோனார். அவர் சிரித்த முகமாகத்தான் வாங்கினார். வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

1 கொரிந்தியர் 10ஐக் காட்டிப் பத்துப் பேர் எனக்கு எழுதப் போகிறீர்கள். தெரியும். 27ஆம் வசனத்தில் பவுல், முன்னால் வைப்பதை விசாரியாமல் சாப்பிடு என்கிறார், 28இல் படைத்தது என்று ஒருவன் சொன்னால் சாப்பிடாதே என்கிறார். 29ஐயும் சேர்த்துப் படியுங்கள். உன் மனச்சாட்சியைச் சொல்லவில்லை, மற்றவனுடையதைச் சொல்கிறேன் என்கிறார். எதிரில் நிற்கிறவருக்கு என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை. எங்கள் வாசலில் எதிரில் நின்றவருக்கு என்ன ஆயிற்று என்று எந்தப் பிரசங்கியாரும் விசாரிக்க வரவில்லை.

யோவான் 4ஐ எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்! யூதர்கள் சமாரியரோடு புழங்கமாட்டார்கள். அந்தக் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் என்ன சொன்னார்? "தாகத்துக்குத் தா." ஜீவத்தண்ணீர் பேச்சு அப்புறம்தான் வருகிறது. முதலில் கையை நீட்டினார், அதுவும் ஆகாத வீட்டுப் பாத்திரத்துக்கு. அந்த ஊரார் கூப்பிட்டதும் இரண்டு நாள் தங்கவும் செய்தார் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் யார் வீட்டுச் சோறு சாப்பிட்டிருப்பார்? இதை வைத்து ஒரு பிரசங்கம் கேட்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள் நண்பன் சம்பளத்தைக் கேட்டான் என்று வருத்தப்படுகிறீர்கள். உங்களிடம் அவன் கேட்ட ஒரே விஷயம் அது, பதில் சொன்னீர்களா? அவன் நிலத்தில் இந்தப் போகம் என்ன போட்டான், கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

உகாதி முடிந்துவிட்டது, பச்சடிக்கு அடுத்த வருடம்தான். ஈஸ்டருக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? எதிர்வீட்டில் இந்நேரம் புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்திருப்பார்கள். அந்த அம்மாவிடம் போய், வீட்டில் புளி தீர்ந்துவிட்டது, ஒரு உருண்டை கொடுங்கள் என்று கேளுங்கள். பையில் பணம் எடுத்துப் போகாதீர்கள். கைப்பிரதியும் வேண்டாம். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கிண்ணம் மட்டும் உங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், கொஞ்சம் பெரியதாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா