மண்டபத்தில் வைத்திருந்ததும் கைதுதானா?

கேள்வி: 2017 ஜனவரியில் அலங்காநல்லூரில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு என் மகன் நண்பர்களோடு போயிருந்தான். போலீசார் அவர்களை வேனில் ஏற்றி, ஒரு திருமண மண்டபத்தில் வைத்திருந்து, பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு மாலையில் விட்டார்கள். நான்தான் போய் அழைத்து வந்தேன். அதே ஆண்டில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவன், அந்நாட்டுக் குடியுரிமை உள்ள தமிழ்ப் பெண்ணை மணந்து, கிரீன் கார்டு பெற்று மூன்றாண்டு கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறான். எப்போதாவது கைதானது உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று நிரப்பிவிட்டான். இப்போது நேர்காணலுக்குத் தேதி வந்திருக்கிறது. சிறைக்கே போகாதவன் இதைச் சொல்ல வேண்டுமா? விசாரிக்க எங்கள் வீட்டுக்கு யாரேனும் வருவார்களா?
– ஒரு வாசகர், திருப்பாலை, மதுரை.

பதில்: சொல்ல வேண்டும். மண்டபத்தில் உட்கார வைத்து, மதியம் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து அனுப்புவது நம் ஊரில் சடங்குபோல ஆகிவிட்டதால், அதைக் கைது என்று வீட்டில் யாரும் நினைப்பதில்லை. ஆனால் என்-400 என்னும் அந்த விண்ணப்பம் சிறையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. உலகின் எந்த மூலையிலாவது, எந்தக் காரணத்துக்காகவாவது காவல் துறையினர் தடுத்து வைத்தது உண்டா என்று கேட்கிறது.

விண்ணப்பதாரரின் கைரேகையையும் பெயரையும் எஃப்.பி.ஐ. தன் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கைரேகை எடுக்காமல் எழுதிய மண்டபத்துப் பட்டியல் அதில் சிக்குமா என்று கணக்குப் போடுவது வீண்வேலை. நேர்காணலில் உறுதிமொழி எடுத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். அமைதியான போராட்டத்தில் சில மணி நேரம் தடுத்து வைக்கப்பட்டது மட்டுமே ஒருவருடைய குடியுரிமைக்குத் தடையாவதில்லை. உறுதிமொழிக்குப் பின் அதை மறைத்தால் நன்னடத்தை இல்லாதவர் என்று விண்ணப்பத்தையே நிராகரிக்கலாம், குடியுரிமை கிடைத்த பிறகும் தொல்லை தொடரலாம்.

அதிகாரி விண்ணப்பத்தை வரி வரியாகக் கேட்டு வரும்போது, துருவிக் கேட்கும்வரை காத்திராமல், தங்கள் மகன் தாமாகவே அந்தப் பதிலைத் திருத்தச் சொல்ல வேண்டும்; திருத்தத்தைக் குறித்துக்கொண்டு அதிகாரி கையொப்பம் வாங்குவார். அதற்கு முன் அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

இங்கே தாங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. முதல் தகவல் அறிக்கை ஏதும் பதிவாகி அதில் மகனின் பெயர் இருந்ததா என்று காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். வாய்வார்த்தையாக ‘ஒன்றும் இல்லை, போங்கள்’ என்பதை ஏற்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளில், காவலர்களைத் தாக்கியவை போன்றவை நீங்கலாக மற்றவை திரும்பப் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. வழக்கு இருந்து முடிந்திருந்தால், நீதிமன்றத்தில் நகல் மனுச் செய்து சான்றிட்ட நகல் பெறுங்கள். தமிழில் உள்ளதை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடு இணைக்க வேண்டும்.

நம்மவர்கள் இடறும் இன்னோர் இடம் பெயர். மதிப்பெண் பட்டியலில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரே குடும்பப் பெயர், வேறொன்றில் ‘டி’க்குப் பின் ஒரு ‘ஹெச்’ கூடுதல் என்றிருந்தால், பயன்படுத்திய பிற பெயர்கள் என்ற பகுதியில் எல்லாவற்றையும் எழுதியிருக்க வேண்டும். விட்டிருந்தால் அதையும் நேர்காணலில் சேர்த்துவிடலாம்.

பாஸ்போர்ட்டுக்கு வருவதுபோலத் திருப்பாலைக்கு யாரும் வந்து அக்கம்பக்கத்தில் சாட்சி கேட்கும் வழக்கம் இதில் இல்லை. மகன் குடியிருக்கும் இடத்தில் அண்டை வீட்டாரிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் விசாரிக்கும் பழைய முறையை மீண்டும் கையாளப்போவதாக 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியேற்றத் துறை அறிவித்திருக்கிறது. நேர்காணல் முடிந்து 120 நாளாகியும் முடிவு வராவிட்டால் அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம்.

அந்த மண்டபத்தின் பெயரையும், தேதியையும், விடுவித்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி இன்றே மகனுக்கு அனுப்பிவையுங்கள். வாசலில் காத்திருந்து அழைத்து வந்த தங்களுக்குத்தான் அவை அவரைவிட நன்றாக நினைவிருக்கும்.