ஹெட்செட்டா, சவுண்ட் கார்டா? டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எதை வாங்கலாம்?" என்றே முடிகின்றன. என் பதில்களில் சில "இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம்" என்று முடிந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒலியில் குறை இருந்தால், அது எந்த இடத்தில் புகுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். காசு அப்புறம்.

டெஸ்க்டாப்பில் யூஎஸ்பி ஹெட்செட் மாட்டி ஆன்லைன் டியூஷன் எடுக்கிறேன். நல்ல சவுண்ட் கார்டு போட்டால் இதே ஹெட்செட்டில் ஒலி இன்னும் தெளிவாகும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? (வாசகி, மன்னார்குடி)

வேண்டாம். யூஎஸ்பி ஹெட்செட்டுக்குள்ளேயே ஒரு குட்டி சவுண்ட் கார்டு இருக்கிறது. அந்த வயரில் ஓடுவது வெறும் எண்கள். அவற்றை ஒலியாக மாற்றும் சில்லு, காது மூடிக்குள்ளோ வயர் நடுவில் தொங்கும் வால்யூம் பெட்டிக்குள்ளோ இருக்கும். நீங்கள் மைக்கில் பேசுவதும் அங்கேயே எண்ணாக மாறித்தான் கம்ப்யூட்டருக்குள் போகிறது. நீங்கள் எவ்வளவு விலை கொடுத்துக் கார்டு போட்டாலும் இந்த ஹெட்செட் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. 3.5 மி.மீ. பின் வைத்த ஹெட்போனைக் கார்டில் செருகினால்தான் அதன் வேலை உங்கள் காதுக்கு வரும்.

டியூஷனுக்குக் கையில் இருப்பதே தாராளம். விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட், அவுட்புட் இரண்டிலும் ஹெட்செட்டின் பெயர் தேர்வாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காதில் ஒலி ஹெட்செட்டில் வரும், மைக் மட்டும் வெப்கேமராவினுடையதாக இருக்கும். "மிஸ், கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு" என்று பிள்ளைகள் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆன்லைனில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். நான் தம்புரா வைத்தால் சில நொடிகளில் அது மாணவர்களுக்குக் கேட்பதில்லை. ஒரே ஸ்வரத்தில் நீளமாக நின்று கார்வை கொடுத்தால் பாதியில் குரலும் தேய்கிறதாம். ஹெட்செட்டை மாற்றிவிட்டு சவுண்ட் கார்டுக்குப் போகட்டுமா? (இசை ஆசிரியை, திருவையாறு)

இந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். குற்றவாளி ஹெட்செட்டும் இல்லை, கார்டும் இல்லை. வீடியோ அழைப்புச் செயலிகள் எல்லாமே பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சு விட்டுவிட்டு வரும், ஃபேன் சத்தமும் ஏசி சத்தமும் ஒரே மாதிரி நீண்டுகொண்டே இருக்கும். ஆகவே மாறாமல் நீளும் ஒலியெல்லாம் இரைச்சல் என்று செயலி முடிவுகட்டி வடிகட்டிவிடுகிறது. தம்புராவும் மாறாமல் நீளும் ஒலிதான். பாவம், செயலிக்கு ஃபேனும் தம்புராவும் ஒன்று! நீங்கள் சட்ஜமத்தில் அசையாமல் நின்றாலும் அதே கதி. சுருதி சுத்தமாக நிற்க நிற்க ஆபத்து அதிகம்.

ஜூம் செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. ஆடியோ செட்டிங்ஸுக்குள் போய் அதை இயக்குங்கள். அதன் கீழேயே இருக்கும் 'ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்' என்பதையும் டிக் செய்யுங்கள். வகுப்பு தொடங்கியதும் திரையில் 'ஒரிஜினல் சவுண்ட்' பொத்தான் ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர் பாடி நீங்கள் கேட்க வேண்டும் என்றால் அவர்கள் பக்கமும் இதைச் செய்தாக வேண்டும். எதிரொலியை நீக்கும் வசதியையும் அணைத்துவிட்டால், இரு பக்கமும் ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் விட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வரும்.

இதைச் செய்து பார்த்த பிறகும் குரல் தட்டையாகக் கேட்டால் ஹெட்செட் மைக்கைச் சந்தேகிக்கலாம். அலுவலக அழைப்புகளுக்காகச் செய்த பல ஹெட்செட்டுகளின் மைக், நொடிக்கு 16,000 மாதிரிகள் மட்டுமே எடுக்கும், அதாவது ஒலியை அத்தனை முறை அளந்து எண்ணாக்கும். அதில் பாதி அதிர்வெண் வரைதான் பதிவாகும். அப்படியானால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. பேச்சுக்கு அது போதும், பாட்டின் பளபளப்புக்குப் போதாது. அப்போதும் கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் சவுண்ட் கார்டை நான் சொல்ல மாட்டேன். 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் மாதிரி எடுக்கும் ஒரு யூஎஸ்பி மைக், காதுக்குச் சாதாரண வயர் ஹெட்போன், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் மாணவருடன் ஆன்லைனில் சேர்ந்து பாடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது எந்தக் கருவி வாங்கினாலும் நடக்காது. உங்கள் தாளம் இணையம் வழியாக சிங்கப்பூர் போய், மாணவரின் குரல் திரும்பி வருவதற்குள் தாளம் நழுவிவிடும். தாளத்தை மாணவரே போடட்டும். தம்புராவும் இரு பக்கமும் தனித்தனியாக ஓடட்டும். இருவரின் சுருதியும் ஐந்தரைக் கட்டை என்றால் அதே ஐந்தரையில் வைத்துக்கொண்டால் சரி.

ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. சவுண்ட் சில்லு போய்விட்டதா? (வாசகர், நாகப்பட்டினம்)

பிடுங்கிப் பார்த்தீர்களே, பாதி வேலை முடிந்தது. சில்லு நன்றாகத்தான் இருக்கிறது, பெரும்பாலும் உங்கள் வீட்டு எர்த்தான் சரியில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் நீங்கள் கேட்கும் உறுமல். லேப்டாப் உலோக உடம்பில் புறங்கையை வைத்தால் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கிறதா? அதுவும் இதே கோளாறின் இன்னொரு முகம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் வயரே வந்திருக்காது. அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்து எர்த் குழி. கடலோர மணலில் தண்ணீர் நிற்பதில்லை. கோடையில் குழி காய்ந்தால் எர்த் இருந்தும் இல்லாத கணக்குதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். உறுமல் நிற்கிறது என்பதற்காக ப்ளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் வைத்தியத்தை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உயிர் விஷயம்.

யூஎஸ்பி ஹெட்செட் போட்டால் உறுமல் குறையலாம். ஆனால் லேப்டாப் உடம்பில் கசியும் மின்சாரம் அப்படியேதான் இருக்கும்.

இதையே இன்னொருவர் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்: மௌஸை நகர்த்தினால் 'கீச்' சத்தம், கேம் போட்டால் இன்னும் அதிகம். அது எர்த் இல்லை. கிராபிக்ஸ் கார்டும் மற்ற சில்லுகளும் இழுக்கும் மின்சாரம் மதர்போர்டின் ஒலிப் பகுதிக்குள் கசிகிறது. கேபினெட் முன்பக்க ஓட்டையில் செருகியிருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். முன்பக்கத்துக்கு வரும் மெல்லிய வயர் கிராபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு வருவதுண்டு. அதிலும் போகவில்லை என்றால், விரல் நீளத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றே போதும். பெட்டியை விட்டு வெளியே வந்தாலே பாதிச் சத்தம் அடங்கும். அதன் மேல் '7.1' (எட்டு ஸ்பீக்கர் ஒலி) என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். காதுக்கு இருக்கும் ஒரே ஓட்டையில் இடது, வலது என்று 2 ஒலிதான் வரும்.

செல்போன் ஹெட்செட்டை டெஸ்க்டாப்பில் செருகினால் பாட்டு கேட்கிறது, மைக் வேலை செய்யவில்லை. (மாணவர், கும்பகோணம்)

பின்னைப் பாருங்கள். 3 கறுப்பு வளையம் இருந்தால் அது நான்கு பாகப் பின், மைக்கும் அதிலேயே வருகிறது. உங்கள் டெஸ்க்டாப்பில் பச்சை ஓட்டை காதுக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு என்று தனித்தனி. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் வயர் வாங்கினால் தீர்ந்தது. கடையில் 'மைக்குக்கும் சேர்த்து' என்று சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு பேர் பாட்டுக் கேட்கும் ஸ்ப்ளிட்டரைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமை. மீட்டிங்கில் சேர்ந்தால் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது. (வாசகர், திருவாரூர்)

மைக் திறந்ததும் ப்ளூடூத் பாட்டுக்கான முறையை விட்டு அழைப்புக்கான முறைக்குத் தாவுகிறது. அதில் பெரும்பாலான ஹெட்செட்டுகள் மாதிரி எடுப்பது 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸில்தான். மீட்டிங்கின்போது மைக்காக லேப்டாப்பினுடையதைத் தேர்ந்தெடுங்கள், காது பழையபடி ஆகிவிடும்.

நாகஸ்வரம் வாசித்துப் பதிவு செய்ய ஆசை. ஹெட்செட் மைக்கில் எடுத்தால் கரகரவென்று உடைகிறது. (இளம் கலைஞர், நரசிங்கம்பேட்டை அருகே)

நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரின் பக்கத்திலிருந்து கேட்கிறீர்கள், ஹெட்செட் மைக்கில் முடித்துவிட முடியுமா! அந்த மைக் வாயருகே சாதாரணப் பேச்சை எதிர்பார்த்துச் செய்தது. மண்டபத்தை நிறைக்கும் வாத்தியம் அதில் விழுந்தால் அலையின் தலை வெட்டுப்படுகிறது. அந்தக் கரகரப்பைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

உங்களுக்குத் தேவை ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ். இதுவும் யூஎஸ்பியில் மாட்டும் சவுண்ட் கார்டுதான், ஆனால் தடித்த மைக் வயர் செருகவும், மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் 'கெயின்' குமிழைக் கையால் திருகவும் வசதி உள்ளது. உள்ளூர் மைக்செட்காரரிடம் இருக்கும் டைனமிக் மைக்கை இரவல் வாங்கிக்கூட ஆரம்பிக்கலாம். அதற்கு இன்டர்ஃபேஸ் தரும் 48 வோல்ட் மின்சாரம் தேவையில்லை. கண்டன்சர் மைக் என்றால்தான் இன்டர்ஃபேஸில் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்.

மைக்கை அணசுக்கு (நாகஸ்வரத்தின் விரிந்த அடிவாய்) நேர் எதிரே வைக்காதீர்கள். மூன்று, நான்கு அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில், விரல் துளைகளின் பக்கம் பார்க்க வையுங்கள். ஒலி துளைகள் வழியாகவும் வருகிறது. மேல் ஸ்தாயியில் உங்களால் முடிந்த அளவு உரக்க ஒரு பிடி வாசித்து, அளவு காட்டும் கோடு மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி கெயினைக் குறையுங்கள். 24 பிட் நுணுக்கத்தில் பதிவு செய்தால், மெதுவாக வாசிக்கும் ஆலாபனை இரைச்சலில் மூழ்காது. தவிலும் சேர்ந்தால் அதற்குத் தனி மைக் வேண்டும், ஆகவே 2 மைக் போடும் இன்டர்ஃபேஸாகவே பாருங்கள்.

அப்படியானால் சவுண்ட் கார்டை யார்தான் வாங்குவது? (மயிலாடுதுறை)

1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற சவுண்ட் கார்டு வந்த காலத்தில் கார்டு இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் 'பீப்' மட்டும்தான் போடும். இன்று ஒலிச் சில்லு இல்லாத மதர்போர்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். 250 ஓம் போன்ற அதிகத் தடையுள்ள ஹெட்போன் வைத்திருந்து, அதற்கு மதர்போர்டு போதிய சத்தம் தராமல் திணறுகிறதா? வாங்கலாம். 5.1 ஸ்பீக்கர் செட்டுக்கு மதர்போர்டில் போதிய ஓட்டை இல்லையா? வாங்கலாம்.

பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய வகையான பிசிஐ சவுண்ட் கார்டை எடுத்து வராதீர்கள். புது மதர்போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மட்டும்தான் இருக்கிறது, இது அதில் உட்காராது. கேபினெட்டைத் திறந்து ஸ்லாட்டை போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டுங்கள்.