திருட்டா, மீறலா, கற்றலா? அறிவுசார் சொத்து குறித்துச் சில கேள்விகள்

கேள்வி: அனுமதியில்லாமல் ஒரு பாட்டை நகலெடுத்தால் "திருட்டு" என்கிறார்கள். சட்டமும் அப்படித்தான் சொல்கிறதா?

பெரும்பாலும் இல்லை. சட்டம் வைத்திருக்கும் பெயர் பதிப்புரிமை மீறல். அமெரிக்காவில் டவுலிங் என்பவர் எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை அனுமதியின்றி இசைத்தட்டாக்கி விற்றார். திருட்டுப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனதாகவும் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 1985-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. பதிப்புரிமை மீறல் வேறு, பொருள் திருட்டு வேறு என்றது. அதற்காக அவர் செய்தது சரி என்று ஆகிவிடவில்லை.

திருட்டு என்று சொல்லிவிட்டால் அப்புறம் பேச எதுவும் இல்லை. மீறல் என்றால் எந்த அளவுக்கு, எதற்காக என்றெல்லாம் விசாரிக்க வேண்டிவரும். அந்த விசாரணை வேண்டாம் என்பவர்களுக்கு முதல் சொல்தான் வசதி.

கேள்வி: நான் எழுதிப் பிழைப்பவள் சார். என் நாவல் பிடிஎஃப்பாகச் சுற்றுகிறது. நீங்கள் சொல்வதெல்லாம் வெறும் வார்த்தை விளையாட்டு.

உங்கள் கோபம் நியாயம்தான் மேடம். ஆனால் போனது நாவல் அல்ல, உங்களுக்கு வரவேண்டிய பணம். அதை அப்படியே சொன்னால் உங்கள் வாதம் இன்னும் வலுக்கும். 1841-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே பேசினார்: எழுத்தாளருக்கு ஊக்கத்தொகை தர வாசகர்மேல் போடும் வரிதான் பதிப்புரிமை என்று. வரியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. எழுதுகிறவருக்குக் கூலி வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுவரை நீட்டும் மசோதாவைத்தான் எதிர்த்தார். வரி என்று பெயர் வைத்ததும் "எவ்வளவு, எதுவரை" என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது பாருங்கள்.

கேள்வி: இதைச் "சொத்து" என்று எப்போதிலிருந்து சொல்கிறார்கள்?

சொத்து என்ற வாதம் பழசு. 1710-ல் இங்கிலாந்தில் வந்த ஆன் அரசியின் சட்டம், கல்வியை ஊக்குவிக்க என்று தலைப்பிலேயே சொன்னது. புதுப் புத்தகத்துக்கு 14 ஆண்டு, ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. லண்டன் புத்தக வணிகர்களுக்கு அது போதவில்லை. இது காலவரையற்ற சொத்துரிமை என்று வாதாடிப் பார்த்தார்கள். 1774-ல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது.

"அறிவுசார் சொத்து" என்ற குடைச்சொல், அதே பெயரில் உலக அமைப்பு ஒன்றை உருவாக்கிய 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் எங்கும் பரவியது. படைப்புக்கான பதிப்புரிமை, கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, வணிகப் பெயர், சின்னங்களுக்கான வணிகக்குறி மூன்றும் வெவ்வேறு நோக்கமுள்ள சட்டங்கள், அவற்றை ஒன்றாகக் கட்டாதீர்கள் என்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் சொல்லிவருகிறார். மனிதர் பிடிவாதக்காரர், ஆனாலும் இதில் நான் அவர் பக்கம். காப்புரிமை பொதுவாக 20 ஆண்டில் முடியும், வணிகக்குறியைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இரண்டுக்கும் ஒரே நியாயம் பேச முடியாது.

கேள்வி: பணம் போட்டு ஆராய்ச்சி செய்தவனுக்குப் பலன் வேண்டாமா?

வேண்டும். அதை யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: மஞ்சள் வழக்கின்போது "உயிர்வளக் கொள்ளை" என்றார்கள். அறிவு எல்லாருக்கும் பொது என்பவர்கள் கொள்ளை என்று எப்படிச் சொல்லலாம்?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இந்தியாவின் அரசு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைக் காட்டி எதிர்த்தது. 1997-ல் அது ரத்தானது. மேடையில் முழங்கிய சொல் கொள்ளை. வழக்கில் வென்ற வாதமோ, "இது புதிதல்ல, ஏற்கெனவே தெரிந்தது" என்பது. கொள்ளை என்றால் உரிமையாளர் ஒருவர் இருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்த பொது அறிவு என்றால் உரிமையாளரே கிடையாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

அந்தச் சிக்கல் அதோடு தீரவில்லை. இப்படிப்பட்ட காப்புரிமைகளைத் தடுக்க 2001-ல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்நூலகம், பல ஆண்டுகள் ஒப்பந்தம் போட்ட காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. 2022-ல்தான் மற்றவர்களுக்கும் திறக்க முடிவெடுத்தார்கள். ஏற்கெனவே தெரிந்தது என்று காட்டுவதற்கான ஆவணத்தையே பூட்டி வைத்திருந்தார்கள்!

இன்னொரு பக்கமும் உண்டு. "பப்ளிக் டொமைன்", அதாவது யாருக்கும் தனியுரிமை இல்லாத பொதுச் சொத்து, என்பது நமக்கு இனிமையாகக் கேட்கும். ஒரு மூலிகையைத் தலைமுறைகளாகக் காத்த பழங்குடிக்கு, கம்பெனிக்காரன் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் கேட்கும். உயிர்வளங்களைப் பயன்படுத்துவது பற்றிய 2010-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தமான நகோயா நெறிமுறை, முன்கூட்டிய ஒப்புதல், பலனில் பங்கு என்று வேறு மொழியில் பேசுகிறது. நடைமுறையில் குறைகள் இருந்தாலும், சொத்து, பொது என்ற இரண்டே பெட்டிக்குள் அடைபடாத பேச்சு என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

கேள்வி: பகிர்வு பேசுகிறவர்களின் சொற்களில் மட்டும் சூது இல்லையா?

ஏன் இல்லை? செயற்கை நுண்ணறிவு மாடல்களின் எடைகளை, அதாவது பயிற்சியில் கிடைத்த எண்களை, மட்டும் வெளியிட்டு, ஏகப்பட்ட நிபந்தனையும் போட்டுவிட்டு "ஓப்பன்" என்று விளம்பரம் செய்கிறார்கள். "பொது வளம்" என்ற சொல்லும் அப்படித்தான். 1968-ல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் வர்ணித்த பொது மேய்ச்சல் நிலத்துக்கு விதியே கிடையாது, அதனால் அது அழிந்தது. நிஜப் பொது வளங்களுக்கு அதைப் பயன்படுத்துகிறவர்களே வகுத்த விதிகள் உண்டு என்று 1990-ல் ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் காட்டினார். விக்கிப்பீடியாவுக்கும் உரிமம் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் தர வேண்டும்.

கேள்வி: ஏஐ புத்தகங்களைக் "கற்கிறது" என்கிறார்களே, அது சரியா?

கற்கிறது என்றதும் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும் ஆள் நினைவுக்கு வருவார்; அவரிடம் யார் அனுமதி கேட்கப்போகிறார்கள்? எதிர்த் தரப்பு "சுருட்டுகிறது" என்கிறது. டிவி நிகழ்ச்சிகளைப் பதியும் விசிஆர் இயந்திரம் வந்தபோதும் இதே கதைதான். 1982-ல் திரைத்துறையின் சார்பில் ஜாக் வாலென்டி, அந்த இயந்திரத்தை ஒரு தொடர் கொலைகாரனோடு ஒப்பிட்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழுவில் பேசினார். 1984-ல் உச்ச நீதிமன்றம், வீட்டில் மக்கள் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தது. நிகழ்ச்சியைப் பதிந்து பிறகு பார்ப்பது தவறில்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஏஐ விஷயத்திலும் நான் கேட்பது மூன்றுதான். பயிற்சிக்கு எடுத்த நகல் எங்கிருந்து வந்தது? வரிகள் அப்படியே வெளியே வருகின்றனவா? வெளிவருவது மூல நூலின் விற்பனையைத் தின்கிறதா?