சிற்பக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசிப்பறை

அன்புள்ள ஐயா,

நான் புதுச்சேரியில் சிற்பம் படிக்கும் மாணவி. எங்கள் துறையில் ஒரு சின்ன வாசிப்பறை இருக்கிறது. கலைப் புத்தகங்கள் மட்டும்தான், ஏழெட்டு அலமாரி, இரண்டு பெரிய மேசை. அதை மூடிவிட்டுப் புத்தகங்களைப் பொது நூலகத்தில் சேர்க்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. படமெல்லாம் போனிலேயே கிடைக்கிறதே, அறையை வகுப்பாக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் என்ன சொல்லி எதிர்ப்பது என்று தெரியவில்லை. உங்கள் கருத்து என்ன? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள மாணவிக்கு,

மூடக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் "புத்தகம் புனிதமானது" என்று போய்ப் பேசினால் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள், அதனால் அந்த அறையில் நடக்கிற வேலையைப் பற்றிப் பேசுங்கள்.

நீங்கள் ஒரு சோழர் கால நடராஜர் செப்புத் திருமேனியைப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பொது நூலகங்களில் டூயி தசமப் பகுப்பு முறைப்படிதான், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்துத்தான், அடுக்குவார்கள். அதன்படி சிற்பம் 730-இல் இருக்கும். நடராஜர் யார், அந்தக் கை ஏன் அப்படி என்று சொல்லும் சமய நூல் 294.5-க்குப் போய்விடும். சோழர் வரலாறு 954. உலோகத்தை உருக்கி வார்க்கும் தொழில்நுட்பம் 671. ஒரே சிலைக்கான புத்தகங்கள் நாலு மூலையில், சில சமயம் வேறு வேறு மாடியில். அந்தப் பகுப்பு தப்பு என்று சொல்லவில்லை, எல்லாத் துறைக்கும் பொதுவான நூலகம் அப்படித்தான் அடுக்க முடியும். துறை வாசிப்பறையின் பெரிய பயனே இந்த நாலையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதுதான். நீங்கள் தேடிப் போனது ஒரு புத்தகம், அதற்குப் பக்கத்தில் இருந்ததைப் புரட்டியதில் கிடைத்தது வேறொன்று என்று உங்களுக்கே நடந்திருக்கும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. களிமண் கையோடு நிற்கிற மாணவி, முழங்கை மடங்கும் இடத்தில் ஒரு சந்தேகம் வந்தால், கையைக் கழுவிவிட்டு நாலு எட்டில் போய்ப் பார்த்துவிட்டு மண் காய்வதற்குள் திரும்பி வர வேண்டும். பொது நூலகத்துக்கு நடந்துபோய் அடையாள அட்டை காட்டிப் பையை வெளியே வைத்துவிட்டுத் தேடி எடுப்பதென்றால் யாருமே போக மாட்டார்கள், உள்ளதை வைத்துச் செய்து முடித்துவிடுவார்கள். கூட்டத்தில் இந்த இரண்டு விதியையும் சொல்லுங்கள், சொன்னவர் நூலகர்களுக்கெல்லாம் ஆசான் என்பதால் எடுபடும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். போனில் படம் கிடைக்கும், உண்மைதான், நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் முன்பக்கம்தான். சிற்பிக்கு முதுகு வேண்டும், பீடம் வேண்டும், பக்கவாட்டு வேண்டும், உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று வேண்டும். நல்ல அருங்காட்சியகப் பட்டியல் நூல் இதையெல்லாம் ஒரே இடத்தில் தரும், விரித்து வைத்து நாலு பேர் சுற்றி நின்று பார்க்கலாம்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. உங்கள் அலமாரியின் ஓரத்தில் ஒல்லியான கண்காட்சிக் கையேடுகள் செருகிக் கிடக்கும், கவனித்திருப்பீர்கள். எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், நடுவில் ஸ்டேப்ளர் முள் துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக இறங்கியிருக்கும். முதுகு இல்லாததால் பெயர் வெளியே தெரியாது. உள்ளே ஓவியரைப் பற்றி ஒரு பத்தி, படைப்புகளின் பெயர், அளவு, ஊடகம் (நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா என்பது), ஆண்டு. சிலவற்றில் விலைப்பட்டியல்கூடத் தனித்தாளாக இருக்கும். நம் பக்கத்து ஓவியர் பலரின் ஆரம்பகாலப் படைப்புகளுக்கு அச்சில் இருக்கும் ஒரே சாட்சி இதுதான். கடைக்கு வந்ததில்லை, ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேசப் புத்தக எண் கிடையாது, பல சமயம் துறையின் பதிவேட்டில்கூட ஏற்றியிருக்க மாட்டார்கள். அறை மாறும்போது எண் போட்ட புத்தகங்கள் கணக்குப் பார்த்துப் போய்ச் சேரும். எண் இல்லாதது பழைய பேப்பர் கட்டோடு போய்விடும், கேட்கவும் ஆள் இருக்காது. ஆகவே அறையைக் காப்பாற்ற முடிகிறதோ இல்லையோ, முதலில் இவற்றை எடுத்துப் பட்டியல் போடுங்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பராமரிக்காத வாசிப்பறை புத்தகத்துக்கே ஆபத்து. கடலோர ஊரில் ஈரப்பதமும் ராமபாணப் பூச்சியும் சும்மா இருக்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அதற்கப்புறம் ஒரு நண்பர் வீட்டில் கீழ்த்தட்டில் இருந்த கலைப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். சாதாரணத் தாளில் அச்சான நாவல்கள் உப்பி, நெளிந்து, எப்படியோ பிழைத்துவிட்டன. ஆர்ட் பேப்பரில் அச்சானவை பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டன. அந்தத் தாளின் வழவழப்புக்குக் காரணம் மேலே இருக்கும் களிமண் பூச்சு, நனைந்து அப்படியே காய்ந்தால் அதுவே பசையாகிவிடும், பிரித்தால் படம் உரிந்து வரும். ஈரம் இருக்கும்போதே பக்கங்களுக்கு இடையில் மெழுகுத்தாள் செருகிப் பிரித்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். கீழ்த்தட்டைத் தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்த்தச் சொல்லுங்கள், அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். கனமான பெரிய புத்தகங்களை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள், நின்றால் தாள்கட்டு தொங்கி முதுகு கிழியும். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், முறை போட்டுத் திறக்கிறோம்" என்று மாணவர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதற்கு மேல் பெரிய வாதம் தேவைப்படாது.

அப்புறம், நீங்கள் இருக்கும் ஊர் சாதாரண ஊர் இல்லை. தென்னிந்தியத் தொல்லியல் பற்றி 1914-இலேயே பிரெஞ்சில் நூல் எழுதிய ஜோவோ துப்ரேய் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்தவர். 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கோயில்கள், சிற்பங்களின் புகைப்படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கையேடுகளின் பட்டியல் ஆனதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, உங்களிடம் இல்லாதவற்றை அறைக்கே கொடுத்துவிடுகிறேன், பதிவேட்டில் எண் போட்டு ஏற்றுவதாக இருந்தால்.

அன்புடன்.